மூன்றாவது சிலிண்டர்

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சுப் போனபோது அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். ‘இல்ல.’

பசிக்கிறதா என்று கேட்டால் இல்ல. கால் வலிக்கிறதா என்றால் இல்ல. காப்பி டம்ளரை நீட்டினால், ‘இல்ல’ என்று சொல்லிக்கொண்டே இடது கையால் வாங்கிக் குடித்துவிடுவார். வலது கையும் காலும் அசையாது. தூத்துக்குடியில் பார்த்த டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடி. மனசில் ஆயிரம் இருக்கும், வாயில் இது ஒன்றுதான் வரும். அவர் எதையும் மறுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார்.

“அப்பம் இல்லன்னா ஆமான்னு எடுத்துக்கிடலாமா டாக்டர்?” என்று அம்மா கேட்டாள்.

“அப்படியும் எடுத்துக்க முடியாதும்மா.”

வீட்டுக்கு வந்த பிறகு, அப்பாவின் முகத்தையும் கையையும் பார்த்து அம்மாவாகவே ஒரு மாதிரிப் புரிந்துகொள்ளப் பழகினாள். பாதி நேரம் சரியாக இருக்கும். பாதி நேரம் அப்பா தட்டைத் தள்ளிவிட்டுக் கண் கலங்குவார்.

அப்பா டிரைவர். வாலிபத்தில் லாரி ஓட்டினார். பிறகு ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிச் சொந்தமாக ஓட்டினார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து பண்டல்களை லாரி செட்டுக்குக் கொண்டுபோவது, புதியம்புத்தூரில் தைத்த துணி மூட்டைகளை ஏற்றிவந்து கடைகளில் இறக்குவது, கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றிப்போவது என்று அது ஓடாத நாள் கிடையாது. வாங்கும்போதே நிறைய ஓடியிருந்தது. மீட்டர் ஒரு சுற்று முடிந்து மறுபடி சைபரிலிருந்து தொடங்கி, அப்புறம் அதுவும் ஓரிடத்தில் நின்றுபோயிற்று. மொத்தம் எவ்வளவு ஓடியது என்று சொல்ல அப்பாவாலும் முடியாது. ஆனால் அந்த எஞ்சின் போடும் ஒவ்வொரு சத்தமும் அவருக்குத் தெரியும். ஓட்டிக்கொண்டே இருப்பவர் சட்டென்று பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்ப்பார். பெல்ட் தளர்ந்திருக்கு என்பார். இறங்கிப் பார்த்தால் தளர்ந்திருக்கும்.

நான் அப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு வேலையில் இருந்தேன். அப்பா படுத்ததும், வண்டி சும்மா நிற்க வேண்டாமென்று வேலையை விட்டுவிட்டு வந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். வண்டியைத் தெரியாது.

அப்பாவைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. படி உயரம். அதனால் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் பிக்கப்பில்தான் போவோம். கேபினில் ஒரே நீள சீட்டு. நான் ஓட்ட, நடுவில் அம்மா, இடது ஜன்னலோரம் அப்பா. நல்ல கையால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

அது பங்குனிக் கடைசி. தொண்ணூறுகளின் பின்பாதி. டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, அதே மாத்திரைகளைத் தொடரச் சொன்னார். திரும்பும் வழியில் புதியம்புத்தூரில் நிறுத்திச் சில துணி மூட்டைகளை ஏற்றினேன். கோவில்பட்டிக் கடை ஒன்றில் இறக்க வேண்டியவை. ஒட்டப்பிடாரம் தாண்டிப் பசுவந்தனைப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்து, மாரைப் பிடுங்கிப்போட்ட மானாவாரிக் காடு. கரிசல் வெடித்துக் கையை நுழைக்கும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. வேலிக்கருவை தவிர நிழல் என்று ஒன்று இல்லை. அம்மா லேசாகத் தூங்கிப்போயிருந்தாள்.

முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. சீராக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குள்ளிருந்து சம்மட்டியால் அடிப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது. டொக், டொக், டொக். கால் வைத்திருந்த தகடு அதிர்ந்தது. அம்மா திடுக்கிட்டு விழித்தாள்.

“என்னலே அது?”

“தெரியலம்மா.”

“கல்லு கில்லு மேல ஏத்திட்டியா?”

ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வேகமாக வந்தது. காலை எடுத்தால் மெதுவாக வந்தது, ஆனால் நிற்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன். நிறுத்தியதும் எல்லாம் அடங்கி, காட்டில் காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்திருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். சைலன்ஸர் கழன்று அடிக்கிறதோ என்ற ஆசை இருந்தது. சைலன்ஸர் உறுதியாக இருந்தது. பானெட்டைத் தூக்கினேன். ஃபேன் எதிலும் இடிக்கவில்லை. பெல்ட் நன்றாக இருந்தது. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். அளவு கொஞ்சம் குறைவு, ஆனால் கோட்டுக்குமேல்தான் இருந்தது. டாஷ்போர்டில் ஆயிலுக்கான விளக்கை நம்ப முடியாது, அது எரிந்து வெகுகாலம் ஆயிற்று. சூடாகித்தான் சத்தம் வருகிறதோ என்று சீட்டுக்கடியிலிருந்த கேனை எடுத்து, எஞ்சினை ஆறவிட்டு, இருந்த தண்ணீரை எல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்தேன். டொக், டொக், டொக். அதே சத்தம். முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்ததுபோல்கூட இருந்தது.

“அவியளக் கேளேம்லே” என்று அம்மா கேபினிலிருந்து கத்தினாள். “அவியளுக்குத் தெரியாத சத்தமா?”

நான் அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க நினைத்தேன். அப்பாவும் எட்டயபுரம் ரோட்டு மெக்கானிக்கும் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போதே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். எந்த சிலிண்டருக்கு டீசலை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு அங்கே. டூல்ஸ் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். முதல் நட்டைத் தளர்த்தினேன். டீசல் பீய்ச்சிக் கையெல்லாம் வழிந்தது, எஞ்சின் தடுமாறியது, சத்தம் அப்படியே இருந்தது. இறுக்கினேன். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைத் தளர்த்தியதும் அந்த அடி சட்டென்று மங்கிற்று. இறுக்கினேன், திரும்ப வந்தது. தளர்த்தினேன், மங்கியது. நான்காவதையும் பார்த்தேன், அங்கே மாற்றமில்லை.

மூன்றாவது சிலிண்டர். ஒரு நிமிடம் பெரிய சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன என்று யோசித்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஏனென்றால் அந்த சிலிண்டருக்கு டீசலைத் தெளிக்கும் நாசில் கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் அடிக்கும். நாசில் என்றால் பெரிய விஷயமில்லை, உருட்டிக்கொண்டே கோவில்பட்டி போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அதே சிலிண்டரில் பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் ராடின் பேரிங் தேய்ந்துபோயிருந்தாலும் இப்படியேதான் அடிக்கும். அப்படியென்றால் அடுத்த மைலிலேயே ராடு முறிந்து எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம். டீசலை நிறுத்தினால் இரண்டு சத்தமும் குறையும். வித்தியாசத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் காது கிடையாது.

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். அப்பா அப்படிக் கேட்பார். எனக்கு எங்கே வைத்தாலும் ஒரே இரைச்சலாகக் கேட்டது.

அப்போதுதான் கேபினிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“இல்ல... இல்ல... இல்ல.”

வழக்கமாகச் சொல்வதுபோல் இல்லை. அவசரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இடது கையால் கதவைத் தட்டினார். ஓடினேன்.

“அவிய என்னமோ சொல்லுதாவ” என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. எனக்கும் வந்தது.

“அப்பா, மூணாவது சிலிண்டர். நாசிலாப்பா?”

“இல்ல.”

“பேரிங்கா?”

“இல்ல.”

“அப்பம் வண்டிய ஓட்டலாமா?”

“இல்ல. இல்ல.”

“ஓட்டக் கூடாதா?”

“இல்ல!”

கண்கள் சிவந்து என்னையே பார்த்தார். நான் வேறு வழி சொன்னேன். “நாசில்னா கைய மேல தூக்குங்க. பேரிங்னா கீழ போடுங்க.” கையைத் தூக்கினார். “நாசிலா?” என்றேன். உடனே கீழே போட்டார், மறுபடி தூக்கினார், கீழே காட்டினார், தன் மடியைத் தட்டினார், கதவைத் தட்டினார். கீழே காட்டுகிறார் என்றால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பையா? சம்புக்குள் இருப்பதைச் சொல்கிறாரா? அப்படியென்றால் பேரிங்தானே? ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். அவர் வாயில் அந்த ஒரு சொல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அது வரும்போதும் தன் வாயின் மேலேயே அவருக்குக் கோபம் வருவது தெரிந்தது.

“அவியள எறக்கிக் காட்டுவோம்” என்றேன். “பக்கத்துல நின்னு கேட்டா காட்டிருவாவ.”

“இந்த வெயில்லயாலே?”

“ஒரு நிமிசம்மா.”

அவரை இறக்குவது சாதாரண வேலையில்லை. கதவைத் திறந்து, அவர் கையை என் தோளில் போட்டு, இடுப்பைக் கட்டிப்பிடித்து இறக்கினேன். அம்மா அந்தப் பக்கம் செயலற்ற கையைத் தாங்கினாள். வண்டியின் முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினோம். எஞ்சின் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்து, முனையை மூன்றாவது சிலிண்டர்மேல் நான் வைத்துப் பிடித்தேன். அவர் தலையைக் குனிந்து காதை வைத்தார். வைத்தார் என்றுதான் அப்போது நினைத்தேன். பழைய பழக்கத்தில் வைத்தாரா, நான் தள்ளியதால் தலை அங்கே போயிற்றா, இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

“என்னப்பா? சொல்லுங்கப்பா. என்ன அது?”

முதல் தடவையாக அந்தச் சொல்கூட வரவில்லை.

“ஏலே” என்றாள் அம்மா. “நிறுத்துலே. நிறுத்து. வேட்டியப் பாரு.”

வேட்டி நனைந்து, கால் வழியாக இறங்கி, செருப்பைச் சுற்றிக் கரிசல் மண் நனைந்துகொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். அதற்குப் பின் அங்கே எந்தச் சத்தமும் இல்லை. அப்பா தலையைத் தூக்கவில்லை. அழுதார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அழுது பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் சத்தம் வராமல் அழுது அன்றுதான் பார்த்தேன். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லங்க. நான்தான் ஒட்டப்பிடாரத்துல எறக்கிக் கேட்டிருக்கணும். ஒண்ணுமில்ல.”

கழுவத் தண்ணீர் இல்லை. குடிக்கவும் இல்லை. இருந்ததெல்லாம் ரேடியேட்டருக்குள் போயிருந்தது. பின்னால் இருந்த துணி மூட்டை ஒன்றைத் தள்ளி இறக்கி, வண்டி நிழலில் போட்டு, அதன்மேல் பழைய சாக்கை விரித்து அப்பாவை உட்காரவைத்தோம். மாற்று வேட்டி எடுத்து வரவில்லை. அம்மா ஒரு மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் பெண்பிள்ளைகள் போடும் உள்பாவாடை. மறுபடி கட்டிவிட்டாள்.

ஒரு மினி பஸ் வந்தது. கையைக் காட்டினேன். டிரைவர் வேகத்தைக் குறைத்து, நிற்க இடமில்லாமல் படியில் தொங்கியவர்களைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நின்று எஞ்சினைப் பார்த்து, “சத்தம் போட்டுக் காட்டுங்க” என்றார். போட்டேன். “டைமிங் கோளாறா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது டைமிங் இல்லை என்பது மட்டும் எனக்கு எப்படியோ தெரிந்தது.

பிறகுதான் அந்த டிராக்டர் வந்தது. பின்னால் தண்ணீர் டேங்க். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறது. ஓட்டிவந்தவருக்கு என் வயதுதான் இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். நாங்கள் கையைக் காட்டாமலேயே நின்றார். நிழலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

“நைனாவுக்கு என்ன செய்யுது?”

தகப்பனை நைனா என்று கூப்பிடும் தெலுங்குக் குடும்பங்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய. அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை, அப்பாவைப் பற்றி மட்டும் சொன்னாள். அவர் டேங்க்கின் குழாயைத் திறந்து எங்கள் கேனை நிறைத்துக் கொடுத்தார். அப்பா முதலில் குடித்தார், மிச்சத்தில் வண்டிக்குப் பின்னால் வைத்து அம்மாவும் நானும் அவரைக் கழுவினோம். மறுபடி கேனை நிறைத்தார். வேட்டியை அலசி வேலிக்கருவை மேல் போட்டோம். டிராக்டர்க்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினார். அப்பாவின் இடுப்பில் அதைச் சுற்றினோம்.

“தண்ணிய ஊர்ல எறக்கிட்டு வாரேன். ஜனம் கொடத்தோட நிக்கும். வந்து இழுத்துட்டுப் போறேன். எங்கயும் போயிராதிய.”

“எங்க போவ?” என்றாள் அம்மா.

வெறுந்தலையோடு வெயிலில் போனார். திரும்பி வருவார் என்று நான் நம்பவில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டால் யார் வருவார்? அந்தக் காத்திருப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பானெட்டுக்கு முன்னால் போய் நின்று எஞ்சினைப் பார்த்தேன். நட்டுகளை மறுபடி இறுக்கினேன். ஓட்டிப் பார்த்துவிடலாமா என்று சாவியில் கை வைத்தேன். நாசிலாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்போம். கையை எடுத்தேன். பேரிங்காக இருந்தால்? மறுபடி வைத்தேன். அப்படி எத்தனை முறை வைத்து எடுத்தேனோ தெரியாது. ஒரு முடிவும் எடுக்காமலே நின்றேன். அப்பாவிடம் மறுபடி எதையும் கேட்கவில்லை. அவர் அமைதியாகிவிட்டிருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டு, எதிரே வெடித்துக் கிடந்த காட்டைப் பார்த்தபடி இருந்தார். அம்மா வேட்டியின் ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

டிராக்டர் திரும்பி வந்தது. டேங்க்கை ஊரிலேயே கழற்றிவிட்டு, கிணற்று வடம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கட்டி, இழுத்துப் பார்த்து, என்னிடம், “பிரேக்க மட்டும் பாத்துக்கிடுங்க. நான் கையக் காட்டுனா மெதுவா மிதிங்க” என்றார். பசுவந்தனை வரை போதும் என்றுதான் நினைத்தேன். அவர் கோவில்பட்டி வரை இழுத்துவந்தார். எஞ்சின் ஓடாத வண்டியில் மூவரும் உட்கார்ந்து, முன்னால் போகும் டிராக்டரின் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தோம். வடம் தளர்ந்து சுண்டும்போதெல்லாம் அப்பா இடது காலைத் தரையில் ஊன்றினார். அம்மா அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு எட்டயபுரம் ரோட்டு மெக்கானிக்கின் ஷாப்புக்கு வந்தோம். அப்பாவோடு பல வருஷம் பழகியவர். வண்டி இழுத்து வரப்படுவதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, முதலில் அப்பாவின் பக்கம்தான் போனார்.

“அண்ணாச்சி, என்ன இப்படி வந்துட்டிய?”

பிறகு ஸ்டார்ட் போடச் சொல்லிக் கேட்டார். ஒரே தடவைதான் கேட்டார். “நாசில், தம்பி. பயப்படாதீங்க. மூணாவது நாசில் போயிருக்கு. நாளைக்குச் சரி பண்ணிருவம்.” ஜன்னல் பக்கம் குனிந்து, பழைய பழக்கத்தில் அப்பாவிடமும் கேட்டார். “நாசில்தான அண்ணாச்சி?”

“இல்ல” என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்தார். “அண்ணாச்சி இல்லங்காவ. பாப்பம்.”

டிராக்டர்க்காரர் டீகூடக் குடிக்காமல் வடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். துண்டு அப்பாவின் இடுப்பில் இருந்தது. கேட்டபோது, இருக்கட்டும் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்கத் தோன்றியபோது அவர் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தார்.

மறுநாள் நாசிலை மாற்றினார்கள். ஸ்டார்ட் செய்தார்கள். டொக், டொக், டொக். மெக்கானிக் முகம் மாறியது. ஆயிலை ஒரு தட்டில் இறக்கினார். வெயிலில் வைத்துச் சாய்த்தபோது கறுப்பு ஆயிலுக்குள் வெள்ளிப்பொடி தூவினதுபோல் மின்னிற்று. சம்பைக் கழற்றினார். மூன்றாவது ராடின் பேரிங் தகடு கத்திபோல் மெலிந்து, ஓரம் உரிந்து வந்தது. கிராங்க்கில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். வரி வரியாக உழுதிருந்தது.

“லேத்துல குடுத்துக் கடைஞ்சு போட முடியாதா அண்ணாச்சி?”

“அப்பா காலத்துலயே கடைஞ்சாச்சு தம்பி. ஒரு தடவையில்ல. இதுக்கு மேல கடைஞ்சா கிராங்க் தாங்காது. வேற கிராங்க் போடணும்னா, ஹெட்டும் போயிருக்கு, லைனரும் போயிருக்கு. இந்த வண்டிக்கு அது வேண்டாம்.” பிறகு தலையைச் சொறிந்தபடி சொன்னார்: “அண்ணாச்சி நேத்தே இல்லன்னாவ பாத்தீயளா. நான்தான் கேக்கல.”

அந்தப் பேச்சு எங்கள் தெருவரை வந்துவிட்டது. பேச்சுப் போனாலும் காது போகவில்லை என்று சொந்தக்காரர்கள் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்கள். அவர்களிடமும் அவர் இல்ல என்றார். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. நம்பினால் அன்றைக்குக் காட்டில் அவர் பட்ட பாட்டுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடும். ஆனால் மெக்கானிக் நாசில் இல்லையா என்று கேட்டிருந்தாலும், பேரிங்கா என்று கேட்டிருந்தாலும், அவர் அதையேதான் சொல்லியிருப்பார் என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒருநாள் இரவு சாப்பிடும்போது, “வண்டியும் அப்பாவ மாதிரியே ஆயிட்டும்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வண்டி வேற, மனுசன் வேறலே. வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுரு. இவியளுக்கு நான் இருக்கேன்.”

வண்டியைக் கொடுப்பதற்கு முன் அப்பாவுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆட்டோவில் கூட்டிப்போனேன். மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எஞ்சினைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பேரிங் தகட்டை மெக்கானிக் அவர் உள்ளங்கையில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவார், தடவிப் பார்ப்பார், ஏதாவது ஒன்று செய்வார் என்று நினைத்தேன்.

அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்று, ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு ஒரு பெரிய துண்டை இழுத்தபோது அவர் முகத்தின் நல்ல பக்கம் லேசாகச் சிரித்தது. டீ வந்தது, குடித்தார். தகடு மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் எடுக்கவில்லை. மெக்கானிக்தான் எடுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டார்.

அதன்பிறகு நான் பழைய ஆபீசுக்கே வேலைக்குத் திரும்பினேன். தூத்துக்குடிக்குப் போவது வாடகைக் காரில் என்றாகி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றாகி, பிறகு உள்ளூர் டாக்டரே போதும் என்றாயிற்று. அப்பாவுக்கு ஒரு சொல்கூடக் கூடவில்லை. அதற்கடுத்த வருஷம் ஐப்பசி மழையில், நெஞ்சுச் சளி வந்து, மூன்றே நாளில் போய்விட்டார். கடைசி நாளில் அந்தச் சொல்லும் வரவில்லை.

ரொம்ப காலம் கழித்து, ஒரு மத்தியானம், நான் அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு ஒட்டப்பிடாரம் தாண்டிக் காட்டில் நின்றோமே, கதவைத் தட்டினாரே, அவர் சிறுநீருக்காக மட்டும்தான் தட்டினாரா, வண்டியைப் பற்றியும் ஏதாவது சொன்னாரா? உனக்கு என்ன தோன்றுகிறது?

அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தி யோசித்தாள். எனக்காகத்தான் யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

“எனக்கு எப்படிலே தெரியும்? ரெண்டும் இருக்கும். ரெண்டும் இல்லாமயும் இருக்கும். வெயிலு மூஞ்சில அடிக்கி, என்னய அந்தப் பக்கம் மாத்தி உக்கார வைங்கன்னுகூடச் சொல்லியிருப்பாவ.”

மறுபடி முறத்தைத் தூக்கிப் புடைக்கத் தொடங்கினாள். தொலி பறந்து என் சட்டையெல்லாம் ஒட்டியது.